அசையாத சாதனைகள்

பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலோடு நடந்து முடிக்கிற ஊர் திருவண்ணாமலை. தூரத்தைக் கடக்க உறுதி வேண்டும் என்று இந்த ஊரில் வந்து சொல்வது வீண் வேலை. அதனால் இன்று உறுதியைப் பற்றி நான் பேசப்போவதில்லை. ஒரு தமிழ்நாட்டு ஓட்டக்காரரின் இரண்டு பந்தயங்களை அருகருகே வைத்து, அவற்றிலிருந்து எழும் ஒரு கேள்வியை மட்டும் இங்கே தொடர்ந்து பார்க்க விரும்புகிறேன். நெடுந்தூர ஓட்டத்தில் நாம் பின்தங்கியிருப்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் சரிதானா என்பதே அந்தக் கேள்வி.

புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த ராணுவ வீரர் ஜி. லட்சுமணன் 2017 ஜூலையில் புவனேசுவரத்தில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் தங்கம் வென்றார். ஆசிய அளவில் ஒரே போட்டியில் இந்த இரட்டைத் தங்கம் என்பது சிறிய காரியமில்லை. 5,000 மீட்டரில் அவருடைய நேரம் 14 நிமிடம் 54.48 விநாடி. ஒரு மாதம் கழித்து, ஆகஸ்டில், லண்டனில் உலகப் போட்டி. அங்கே தகுதிச் சுற்றில் அதே தூரத்தை 13 நிமிடம் 35.69 விநாடியில் ஓடினார். அதுவரை அவர் ஓடியதிலேயே அதுதான் வேகமானது. ஆனால் இறுதிச் சுற்றுக்குப் போக அது போதவில்லை. இரண்டு நேரங்களுக்கும் நடுவே 78.79 விநாடி இடைவெளி இருக்கிறது. லண்டன் லட்சுமணன் எல்லைக்கோட்டைத் தொடும்போது புவனேசுவரத்து லட்சுமணன் ஒரு முழுச் சுற்றுக்கும் மேல் பின்னால் ஓடிக்கொண்டிருப்பார். தங்கம் வாங்கிய ஓட்டத்தைவிட, வெளியேறிய ஓட்டம் அவ்வளவு வேகமானது. ஒரு மாதத்தில் ஒரு மனிதனின் நுரையீரல் மாறிவிடாது. அப்படியானால் எது மாறியது?

புவனேசுவரத்தின் ஜூலை மாதப் புழுக்கம் ஒரு காரணம் என்று உடனே சொல்வீர்கள். உண்மைதான், வெப்பமும் ஈரப்பதமும் நெடுந்தூரக்காரரைக் கடுமையாக இழுத்துப் பிடிக்கும். ஆனால் 5,000 மீட்டரில் ஒன்றேகால் நிமிடத்துக்கும் மேலான வித்தியாசத்தை வெயில் ஒன்றின் தலையில் மட்டும் கட்ட முடியாது. புவனேசுவரத்தில் முதலில் வருவதற்கு அதைவிட வேகமாக ஓட வேண்டிய தேவை இருக்கவில்லை. பதக்கத்துக்கான ஓட்டத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மெதுவாகப் போய்க் கடைசிச் சுற்றுகளில் பாய்வது வழக்கம். லண்டனில் அவரைச் சுற்றி ஓடியவர்கள் அப்படி ஓடவில்லை. அவர்களோடு ஒட்டிக்கொண்டு போனதாலேயே தன் உடலில் ஏற்கெனவே இருந்த வேகம் அவருக்கு வெளிப்பட்டது. நெடுந்தூர ஓட்டத்தில் நேரத்தை முதலில் தீர்மானிப்பது, கூட ஓடுகிறவர்கள் யார் என்பதுதான். இன்று நான் சொல்ல வந்த வாதம் இதுவே.

இதற்கு முதல் மறுப்பு நம் பத்திரிகைகளே வளர்த்துவிட்ட ஒரு கதையிலிருந்து வருகிறது. ஏழ்மை, வெறுங்கால், வயல்வரப்பு, பசி இவற்றிலிருந்துதான் ஓட்டக்காரர் பிறக்கிறார் என்பது அந்தக் கதை. லட்சுமணனைப் பற்றியும் அப்படித்தான் நிறைய எழுதினார்கள். அவர் சிறுவயதில் பட்ட கஷ்டங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் வறுமையே ஓட்டக்காரரை உண்டாக்குமானால் தமிழ்நாட்டின் ஒவ்வொரு வறண்ட மாவட்டமும் ஆசிய வெற்றியாளர்களைத் தந்திருக்க வேண்டும். புதுக்கோட்டை ஏன் தனியாக நிற்கிறது? 2016இல் குவாஹாட்டியில் நடந்த தெற்காசிய விளையாட்டில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்ற எல். சூர்யா அந்த மாவட்டத்துக்காரர்தான். 800 மீட்டரில் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் இரண்டாவதாக வந்து, பிறகு பாலினப் பரிசோதனையின் பெயரால் பதக்கத்தைப் பறிகொடுத்த சாந்தி சௌந்தரராஜனும் அங்கிருந்து வந்தவர்தான். (அந்த அநீதி தனியே ஒரு உரைக்கு உரியது, போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போகக்கூடியதல்ல.) லட்சுமணனையும் சூர்யாவையும் வளர்த்தெடுத்தவர் ஒரே பயிற்சியாளர், லோகநாதன். ஒரு திடல், விட்டுப்போகாத ஒரு பயிற்சியாளர், விடியற்காலையில் சேர்ந்து ஓட ஒரு கும்பல். இவை அங்கே இருந்தன. வறுமை மற்ற மாவட்டங்களிலும் இருந்தது. இந்த மூன்றும் இல்லை.

வெறுங்காலின் மகிமையையும் இங்கேயே கவனித்துவிடலாம். எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா 1960இல் ரோம் ஒலிம்பிக் மாரத்தானை வெறுங்காலோடு 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் வென்றதை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அவரே நான்கு ஆண்டு கழித்து டோக்கியோவில் காலணி அணிந்து 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் ஓடி மறுபடியும் வென்றதை யாரும் பேசுவதில்லை. மூன்று நிமிடம் குறைந்திருக்கிறது. வெறுங்காலோடு மலையைச் சுற்றுவது பக்தி; அதில் கேள்விக்கு இடமில்லை. அதையே பயிற்சிமுறையாக எடுத்துக்கொள்ளச் சொல்வது பிள்ளைகளுக்கு நல்ல காலணி வாங்கித் தராமல் இருப்பதற்கான சாக்காக முடிந்துவிடும்.

இப்போது சான்றுகளுக்கு வருகிறேன். இந்திய நெடுந்தூரச் சாதனைகள் எங்கெங்கே நிகழ்ந்தன என்று ஒரு பார்வை பாருங்கள். 5,000 மீட்டரில் பகதூர் பிரசாத் 1992இல் 13 நிமிடம் 29.70 விநாடி ஓடினார். ஓடிய இடம் இங்கிலாந்தின் பர்மிங்காம். அந்தச் சாதனை முப்பது ஆண்டு அசையாமல் நின்றது. 2022இல் அதை முறியடித்த அவினாஷ் சாப்லே ஓடிய இடம் கலிஃபோர்னியா. 10,000 மீட்டரில் சுரேந்திர சிங்கின் 28 நிமிடம் 2.89 விநாடி 2008இல் ஸ்பெயினின் வீகோவில் நிகழ்ந்தது. அது பதினாறு ஆண்டு நின்றது. 2024இல் குல்வீர் சிங் அதை 27 நிமிடம் 41.81 விநாடியாக்கினார், அடுத்த ஆண்டே 27 நிமிடம் 0.22 விநாடிக்குக் கொண்டுவந்தார். இரண்டும் கலிஃபோர்னியாவில். அவருடைய 5,000 மீட்டர் ஓட்டம் ஒன்று, 13 நிமிடம் 11.82 விநாடி, ஜப்பானின் நீகாத்தாவில். பெண்களில் ப்ரீஜா ஸ்ரீதரனின் 10,000 மீட்டர் 31 நிமிடம் 50.47 விநாடி, 2010இல் சீனாவின் குவாங்சூவில். சாதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிநாட்டில் நிகழ்வது தற்செயல் என்று எடுத்துக்கொள்ள முடியுமா? அங்கேயும் தடம் 400 மீட்டர்தான். அங்கேயும் பன்னிரண்டரைச் சுற்று ஓடினால்தான் 5,000 மீட்டர். அங்கே போனபோது அவர்களோடு அதே தரத்தில், அல்லது அதைவிட மேலான தரத்தில், பலர் ஓடினார்கள். இங்கே தேசியப் போட்டியில் மூன்றாவது கிலோமீட்டரிலேயே முதலிடத்துக்காரர் தனியாகிவிடுகிறார். அதன்பிறகு அவர் ஓடுவது கடிகாரத்தோடு மட்டும்தான்.

முப்பது ஆண்டு நிற்கும் சாதனையை நாம் பெருமையாகப் பேசிவந்திருக்கிறோம். பகதூர் பிரசாத் பெரிய ஓட்டக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு சாதனை அத்தனை காலம் அசையாமல் நின்றால், அதை அசைக்க ஆள் வரவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். ஆலமரத்தடியில் எதுவும் முளைப்பதில்லை என்பதுபோல, நம் பழைய சாதனைகளின் நிழலில் தலைமுறைகள் வந்துபோய்விட்டன.

ப்ரீஜாவின் குவாங்சூ ஓட்டத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் என் வாதத்துக்கு அதைவிடச் சுத்தமான சான்று இல்லை. அன்று இடுக்கிக்காரரான ப்ரீஜாவுக்குப் பின்னால் நாசிக் பகுதி ஆதிவாசிக் குடும்பத்திலிருந்து வந்த கவிதா ராவத் ஒரு விநாடிக்குள் வந்து சேர்ந்தார்: 31 நிமிடம் 51.44 விநாடி. இருபத்தைந்து சுற்றில் ஒருவரை ஒருவர் விடவே இல்லை. இந்தியப் பெண்களின் மிகச் சிறந்த இரண்டு நேரங்கள் ஒரே பந்தயத்தில், ஒரு விநாடி இடைவெளியில் பிறந்தன. 2016இல் ரியோ ஒலிம்பிக் மாரத்தானிலும் இதே கதை. தோனக்கல் கோபி 2 மணி 15 நிமிடம் 25 விநாடியில் 25ஆவதாக வந்தார். கேதா ராம் அடுத்த விநாடியில் 26ஆவதாக வந்தார். கோபி ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற கதையையும் சொல்லாமல் விட முடியாது. அந்த ஆண்டு ஜனவரியில் மும்பை மாரத்தானில் அவர் போட்டியாளராகவே இறங்கவில்லை. நிதேந்திர சிங் ராவத்துக்கு வேகம் பிடித்துக் கொடுக்கும் பேஸராகத்தான் ஓடினார். பாதியில் ஒதுங்க வேண்டியவர் தொடர்ந்து ஓடி, இந்தியர்களில் இரண்டாவதாக வந்து, ரியோவுக்கான நேரத்தையும் எட்டிவிட்டார். துணைக்குப் போனவருக்கே அந்தத் துணை பலன் தந்துவிட்டது.

துணை என்று நான் சொல்வது மனத்தெம்பு மட்டுமல்ல, அதற்கு உடலியல் கணக்கும் உண்டு. வேகமாக ஓடுகிறவர் காற்றைப் பிளந்துகொண்டுதான் போக வேண்டும். முன்னால் ஒருவர் ஓடினால் அந்தச் சுமையில் பெரும்பகுதியை அவர் வாங்கிக்கொள்கிறார். இதை 1970களின் தொடக்கத்திலேயே பியூ என்ற பிரிட்டிஷ் உடலியலாளர் காற்றுச் சுரங்க அறையில் அளந்து காட்டிவிட்டார். எலியுட் கிப்சோகே 2019 அக்டோபரில் வியன்னாவில் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடியபோது, அவரைச் சுற்றி அணிவகுத்து முறைவைத்து மாறிமாறி ஓடியவர்கள் 41 பேர். உலகத்தின் தலைசிறந்த ஓட்டக்காரருக்கே நாற்பத்தொரு பேர் துணை வேண்டியிருந்தது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லானில் இது விதிகளுக்குள்ளேயே ஏறிவிட்டது. ஒலிம்பிக்கில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிச் சைக்கிள் மிதிக்கலாம். அயர்ன்மேன் போட்டிகளில் அது தண்டனைக்குரிய குற்றம். அனுமதிக்கலாமா கூடாதா என்று விதி எழுத வேண்டிய அளவுக்கு அதன் பலன் பெரிது.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு உயரமும் பிறப்பும். கென்யாவிலும் எத்தியோப்பியாவிலும் மேட்டுநிலத்தில் பிறந்து வளர்ந்தவர்களோடு சமவெளிக்காரர் எப்படி ஓட முடியும் என்று கேட்பார்கள். உயரத்தில் பயிற்சி செய்தால் பலன் உண்டு என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் நமக்கு உயரம் கிடைக்கவில்லை என்பதை ஏற்கமாட்டேன். சாப்லேயும் குல்வீரும் போய்ப் பயிற்சி பெற்ற அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் சுமார் 1,840 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் உதகமண்டலம் 2,200 மீட்டருக்கும் மேல். தேசிய நெடுந்தூர முகாம்களே அங்கே நடந்திருக்கின்றன. உயரத்தில் நாம் ஜெயித்துவிட்டோம்; கொலராடோவில் இருந்த சக ஓட்டக்காரர்கள்தான் ஊட்டியில் இல்லை. பிறப்பைப் பொறுத்தவரை என் பதில் ஜப்பான். அந்த நாட்டில் கென்யாவின் ரிஃப்ட் பள்ளத்தாக்கு போன்ற மேட்டுநிலம் இல்லை. 1920 முதல் பல்கலைக்கழகங்களுக்கிடையே நடந்துவரும் ஹக்கோனே எக்கிடென் தொடர் ஓட்டம் இருக்கிறது. இரண்டு நாளில் பத்துப் பேர் பிரித்து ஓடும் இருநூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பந்தயம் அது. படிப்பு முடிந்ததும் ஓட்டக்காரர்களை வேலைக்கு எடுத்து அணியாக வைத்துக்கொள்ளும் நிறுவனங்களும் இருக்கின்றன. 2021 பிப்ரவரியில் பிவா ஏரி மாரத்தானில் கெங்கோ சுசுகி 2 மணி 4 நிமிடம் 56 விநாடி ஓடினார். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த ஒரே காலையில் சுமார் நாற்பது பேர் 2 மணி 10 நிமிடத்துக்குள் முடித்தது. சுசுகி மட்டும் பிறவி மேதை என்றால் ஒப்புக்கொள்ளலாம். நாற்பது பேரும் ஒரே நாளில் மேதையாகிவிட முடியாது. ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

புதிய வகைக் காலணிகளும் நேரங்களைக் குறைத்திருக்கின்றன. அதை மறைப்பது நேர்மையாகாது. கரிமத் தகடும் துள்ளும் அடிப்பாகமும் வந்தபிறகு உலகம் முழுக்கவே சாதனைகள் சரிந்தன. பழைய சாதனைகளை நம்மவர்கள் முறியடித்ததில் காலணிக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் அதே காலணி இந்தியாவிலும் விற்கிறது, நம் ஓட்டக்காரர்கள் அதை அணிந்துகொண்டு இங்கேயும் ஓடுகிறார்கள். காலணி ஒன்றே காரணம் என்றால் அந்த 5,000, 10,000 மீட்டர் சாதனைகளில் சிலவாவது பாட்டியாலாவிலோ சென்னையிலோ நிகழ்ந்திருக்க வேண்டும்.

என் வாதத்துக்கு உண்மையிலேயே இடைஞ்சலாக நிற்கிறவர் ஒருவர் உண்டு: பீகாரின் சிவநாத் சிங். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11ஆவது இடம். 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடம். இந்திய மண்ணிலேயே, பெரிய சர்வதேசக் கூட்டம் எதுவும் இல்லாமல் நிகழ்ந்த சாதனை அது. நாற்பது ஆண்டுக்கும் மேல் நின்றது. தனியாக ஓடியும் சாதிக்கலாம் என்பதற்கு அவரைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. நான் அதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதன் விளைவையும் பார்க்கச் சொல்கிறேன். அவர் ஓடிய காலத்தில் உலகின் மிகச் சிறந்த நேரம் ஆஸ்திரேலியர் டெரிக் கிளேட்டனின் 2 மணி 8 நிமிடம் 33 விநாடிச் சொச்சம். நமக்கும் உலகத்துக்கும் இடையே மூன்றரை நிமிடம்தான் தூரம். 2023இல் கெல்வின் கிப்டம் சிகாகோவில் 2 மணி 35 விநாடி ஓடியபோது அந்தத் தூரம் பதினொரு நிமிடத்தைத் தாண்டியிருந்தது. ஒரு தனிமனிதர் எல்லாத் தடைகளையும் மீறி ஓடிவிடலாம். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை உருவாவதற்கு அது போதவில்லை. ரியோவில் அந்த இரண்டு இந்தியர்கள் சேர்ந்து ஓடிய நேரமும்கூட, முப்பத்தெட்டு ஆண்டு முந்தைய சிவநாத்துக்கு மூன்று நிமிடத்துக்கும் மேல் பின்னால்தான்.

பதக்கம் கிடைத்தால் போதாதா, நேரம் எதற்கு என்ற கேள்வியும் வரும். ஆசியத் தங்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மெதுவான பந்தயத்தில் வெல்லும் கலையும் வேகமான பந்தயத்தில் தாக்குப்பிடிக்கும் கலையும் வேறுவேறு. முதலாவது லட்சுமணனுக்குக் கைவந்திருந்தது. இரண்டாவதைப் பழக அவருக்கு எத்தனை பந்தயம் கிடைத்தது என்பதுதான் என் கவலை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் அவர் 29 நிமிடம் 44.91 விநாடியில் மூன்றாவதாக முடித்தார். ஓட்டத்தின் நடுவே உள்கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டதாகச் சொல்லி அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். வெண்கலம் சீன வீரருக்குப் போயிற்று. சில ஆண்டுக்குப் பிறகு உலகத் தடகள அமைப்பே, வளைவில் ஒரேயொரு அடி உள்ளே விழுந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று விதியைத் தளர்த்தியது. இந்த நிகழ்ச்சியை என் வாதத்துக்குச் சான்றாகப் பயன்படுத்த நான் விரும்பவில்லை. கூட்டத்துக்குள் ஓடிப் பழகாததால் கால் இடறியது என்று சொல்லிவிடுவது எளிது; யாருக்கும் நேரக்கூடிய ஒரு அடியை வைத்து ஒருவரின் பயிற்சியை எடைபோடுவது நியாயமில்லை. அன்று அவருக்கு முன்னால் வந்த இருவரும் பஹ்ரைனுக்காக ஓடியவர்கள், ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள். அவர்களோடு ஓடித்தான் அந்த மூன்றாவது இடத்தையும் அவர் பிடித்தார் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

எல்லோரையும் கொலராடோவுக்கு அனுப்ப முடியுமா என்பது கடைசியாக வரும் மறுப்பு. முடியாது, அனுப்பவும் வேண்டாம். ஒரே தரத்தில் ஓடும் பன்னிரண்டு பேரை ஒரு மாலையில் ஒரே தடத்தில் நிறுத்தி, முதல் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு பேஸரை முன்னால் விடுவதற்கு விமான டிக்கெட் தேவையில்லை. ஜப்பானியப் பல்கலைக்கழகங்கள் அப்படித்தான் செய்கின்றன: பதக்கம் கிடையாது, மேடை கிடையாது, தங்கள் நேரத்தின்படி பிரிவுபிரிவாக ஓட்டக்காரர்கள் வந்து ஓடிவிட்டுப் போகிறார்கள். நம் நாட்காட்டியில் மாவட்டம், மாநிலம், தேசியம் என்று எல்லாமே பதக்கப் போட்டிகள். அவற்றில் 14 நிமிடம் ஓடக்கூடியவரும் 17 நிமிடம் ஓடக்கூடியவரும் ஒரே கோட்டிலிருந்து புறப்படுகிறார்கள்; முன்னவர் தனியாகப் போய்விடுகிறார், பின்னவர் மனம் உடைந்துவிடுகிறார். இருவருக்குமே அன்றைய ஓட்டத்தில் கற்றுக்கொள்ள எதுவுமில்லை.

ஆட்கள் எங்கே என்று கேட்டால் இந்த மாவட்டத்தின் விடியற்காலைச் சாலைகளைக் காட்டுவேன். போளூர், செங்கம், ஆரணி, வந்தவாசி என்று எந்தப் பக்கம் போனாலும் காவலர் தேர்வுக்கும் ராணுவத்துக்கும் இளைஞர்கள் கூட்டமாக ஓடுகிறார்கள். தமிழ்நாடு காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அது தேறினால் போதும் என்கிற சோதனை. நாலரை நிமிடத்தில் முடிக்கிறவருக்கும் ஆறேமுக்கால் நிமிடத்தில் முடிக்கிறவருக்கும் அங்கே ஒரே முடிவுதான்; தேறிவிட்டால் அதோடு ஓட்டமும் முடிந்தது. ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று ஓடும் அந்த நாளில், நாலரை நிமிடத்துக்குக் கீழே ஓடியவர்களின் பெயரை மட்டும் தனியே குறித்துக்கொண்டு, அவர்களை மாதம் ஒருமுறை மாவட்ட விளையாட்டரங்கில் சேர்த்து 5,000 மீட்டர் ஓடவைத்தால் என்ன செலவாகும் என்று கணக்குப் பார்க்கலாம். ஒரு கடிகாரம், நேரம் குறிக்க இரண்டு ஆசிரியர்கள், ஒரு பேஸர். ஜவ்வாது மலையிலிருந்து ஒருவரும் ஆரணியிலிருந்து ஒருவரும் முதல்முறையாக ஒரே கோட்டில் அருகருகே நிற்பார்கள். வேலை கிடைத்தபிறகும் அவர்கள் ஓடுவார்களா என்பது, அந்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் அவர்களுக்குப் பக்கத்தில் யார் ஓடினார்கள் என்பதைப் பொறுத்தது.